அடுத்த மன்னிப்பு நாள் எது, ஐயா?

பெறுநர்: திட்ட அனுமதி, கட்டட அனுமதி வழங்கும் அலுவலர்கள், பெருநகர வளர்ச்சிக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம், மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி (கோப்பு இப்போது எந்த மேசையில் கிடக்கிறதோ அந்த மேசைக்கு).

பொருள்: அனுமதி பெற்றுக் கட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, கட்டிவிட்டு மன்னிப்புப் பெறும் வழக்கத்தையே அரசின் கொள்கையாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் துறையைத் திட்டிக் கடிதம் எழுத இங்கே ஆள் பஞ்சமில்லை. நான் பாராட்டி எழுதுகிறேன். பழக்கமில்லாததால் கூச்சமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, கட்டுவதற்கு முன்னால் அனுமதி கேள் என்கிறது. அதே சட்டத்தில் பிற்காலத்தில் சேர்ந்த 113-ஏ, 113-சி பிரிவுகளோ, கேட்காமல் கட்டிவிட்டாயா, சரி, பணத்தைக் கட்டு என்கின்றன. முன்வாசலில் அதட்டல், கொல்லைப்புறத்தில் அரவணைப்பு. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் குடிவைத்துத் தாங்கள் சொல்லாமல் சொல்லும் பாடம் இதுதான்: அனுமதி கேட்பவர் சந்தேகத்துக்கு உரியவர், கேட்காதவர் பரிவுக்கு உரியவர். மக்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துத் தேறிவிட்டார்கள். இனியும் அதை மறைத்து வைக்காமல் பகிரங்கமாக அறிவித்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மனு.

முதலில், சந்தேகத்துக்கு உரியவரின் நிலையைப் பார்ப்போம். அரை கிரவுண்டு மனையில் ஒரு வீடு கட்ட நினைப்பவர் விற்பனைப் பத்திரம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நில அளவைப் படம், மனைப்பிரிவு அங்கீகார ஆணை, காலிமனை வரி ரசீது எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். இவை அத்தனையும் அரசே பதிவு செய்தவை, அரசே முத்திரையிட்டவை, அரசிடமே இருப்பவை. அரசின் ஒரு ஜன்னலில் வாங்கி அரசின் இன்னொரு ஜன்னலில் கொடுக்கும் வேலைக்குத்தான் குடிமகன் தேவைப்படுகிறான். பத்திரம் சதுர அடியில் பேசும். பட்டா ஹெக்டேரிலும் ஏரிலும் பேசும். இரண்டையும் ஒப்பிடும்போது சில அடி குறைந்தால் அந்தக் குறை அளந்த சர்வேயருடையது அல்ல, எழுதிய பதிவாளருடையதும் அல்ல, விண்ணப்பதாரருடையது. பட்டாவில் இன்னும் தாத்தா பெயர் இருந்தால் வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகம் போக வேண்டும். அதற்குள் அடுத்த அரையாண்டுக்கான காலிமனை வரி வந்து நிற்கும். மனை காலியாக இருப்பதற்கு வரி வசூலித்துக்கொண்டே, அதைக் காலியாக வைத்திருக்கும் திறமை வேறு எந்த நிர்வாகத்துக்கு வரும்? வளர்ச்சிக் கட்டணமும் உரிமக் கட்டணமும் தனி. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்கு என்றால், அது போக வேண்டிய இடத்துக்குப் போகிறது என்று அதையாவது மனமாரக் கொடுக்கலாம்.

இனி, பரிவுக்கு உரியவர். இவருக்கு எழுதப்பட்ட வரலாறே உண்டு. 1998-இல் 113-ஏ பிரிவு பிறந்தது. 1999 பிப்ரவரி 28-க்குள் விதியை மீறிக் கட்டியவர்கள் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரே ஒருமுறை எடுக்கும் நடவடிக்கை என்பதால் 2000-இல் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் கட்டட விதிகளிலிருந்து அரசு அள்ளிக் கொடுத்திருந்த 62 விலக்கு ஆணைகளை அதே தீர்ப்பில் ரத்து செய்தது. அந்த ‘ஒரே ஒருமுறை’ பிறகு 2000-இல் ஒருமுறை, 2001-இல் ஒருமுறை, 2002-இல் ஒருமுறை என்று நீண்டது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது. அந்தக் கட்டடங்களைக் காக்க 2007-இல் அவசரச் சட்டம் வந்தது. அதன்பின் 113-சி பிரிவு வந்து, 2017-இல் நெறிமுறைகளும் வந்து, 2007 ஜூலை 1-க்குள் கட்டியவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். மனைகளின் கதையும் இதேதான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-இல் வரன்முறை விதிகள் பிறந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கு வாழ்வு கிடைத்தது. ஆக, தங்கள் அகராதியில் விதிமீறல் என்பது குற்றமே இல்லை, ஒரு தேதி. அந்தத் தேதிக்கு முன் மீறியவர் பயனாளி, பின் மீறியவர் அடுத்த திட்டத்தின் பயனாளி. எந்தத் தேதியும் இல்லாமல் நிற்பவர், மீறாமல் வரிசையில் காத்திருப்பவர் மட்டும்தான். ஆகவே அடுத்த மன்னிப்பு நாளை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதுபோல் மேல்மாடிக்கும் ஜனங்கள் நாள் பார்த்துக்கொள்வார்கள்.

தங்கள் பார்வைக் கூர்மையைப் பற்றியும் ஒரு சொல். பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் தலைமையகம் எழும்பூரில் இருக்கிறது. அங்கே மின்சார ரயில் ஏறினால் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் தாண்டி நாலாவது ஸ்டேஷன் மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு அன்று அங்கே போனால் நம் கால் நகராது, கூட்டம்தான் நம்மை நகர்த்தும். அந்தத் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் தளத்துக்கு மேல் தளம் ஏறியபோது யார் கண்ணிலும் படவில்லை. 2011 அக்டோபர் கடைசி நாளில் திடீரென்று கண்ணில் பட்டது. கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் தற்காலிகமாகத் திறந்தார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு பெரிய துணிக்கடை ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. அனுமதித்ததற்கு மேல் அதில் தளங்கள் இருந்த விவரம் தீப்பிடித்த பிறகு அரசின் வாயாலேயே வெளிவந்தது. புறநகரில் ஒரு வீட்டு வரைபடத்தில் பக்கவாட்டு இடைவெளி அரை அடி குறைந்தால் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு, நாலு ஸ்டேஷன் தள்ளி நிற்கும் மாடிகள் தெரியாமல் போனது தூரப்பார்வைக் கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். மருத்துவச் செலவை ஈடுகட்ட அரசு ஊழியர்களுக்குக் காப்பீடு இருக்கிறது.

நான் அநியாயமாகப் பேசுகிறேன் என்று தாங்கள் சொல்லக்கூடும். வரன்முறை என்பது இனாம் அல்ல, அபராதம் செலுத்தித்தானே பெறுகிறார்கள் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அபராதம் என்பது தவறு செய்தவர் அதனால் அடைந்த லாபத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் அபராதம். குறைவாக இருந்தால் அதற்குப் பெயர் தொழில்செலவு. அனுமதியில்லாத இரண்டு தளங்களில் பத்து ஆண்டு வியாபாரம் செய்தவர், பதினோராம் ஆண்டில் ஒரு கட்டணம் கட்டுவதில் அழ ஒன்றுமில்லை. அழ வேண்டியவர் பக்கத்து மனைக்காரர். தளப்பரப்புக் குறியீடு (மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் எழுப்பலாம் என்ற கணக்கு) 1.5 தான் என்று தாங்கள் சொன்னதை நம்பி அத்தோடு நின்றவர் அவர். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. 2024-இல் உயரமில்லாக் கட்டடங்களின் உயர வரம்பு 12 மீட்டரிலிருந்து 14 மீட்டராயிற்று. நேற்றைய மீறல் இன்றைய உரிமை. விதி தளர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. நெருக்கடி மிகுந்த ஊருக்கு அது தேவைதான். ஆனால் தளர்த்த வேண்டிய விதி என்று இத்தனை காலம் தெரிந்தே, அதை நேர்மையாளர் தலையில் மட்டும் சுமத்தி வைத்திருந்தீர்கள் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்து, உயிர்ப் பாதுகாப்பு என்பீர்கள். இது கனமான வாதம், கேலி செய்ய மாட்டேன். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்கு வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அனுமதி முறை கூடாது என்று சொல்ல இதற்குப் பிறகு யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. கோப்பு சரியாக இருந்தது. கட்டடம்தான் சரியாக இல்லை. கட்டுமானத்தின் உறுதிக்குக் கட்டியவரும் அவருடைய பொறியாளருமே பொறுப்பு என்று அப்போது சொல்லப்பட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். அப்படியானால் அனுமதி எதைப் பரிசோதிக்கிறது? சாலை அகலம், பக்க இடைவெளி, வண்டி நிறுத்தம், கட்டண ரசீது. மண்ணையும் கம்பியையும் கான்கிரீட்டையும் பார்க்காத ஒரு சோதனை, உயிரைக் காக்கத்தான் இத்தனை தாமதம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அன்றே இழந்துவிட்டது.

2024 ஜூலை 22-இல் சுயசான்று முறை வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்று கேட்பீர்கள். வந்தது, நல்லது, உள்ளபடியே பாராட்டுகிறேன். 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கொண்ட வீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். பரிசீலனைக் கட்டணம் இல்லை, உட்கட்டமைப்புக் கட்டணம் இல்லை, பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். ஆனால் இந்தச் சீர்திருத்தம் ஒரு வாக்குமூலமும் ஆகும். இன்று ஆளில்லாமல் கணினி கொடுக்கும் அதே அனுமதிக்கு, நேற்று வரை மாதக்கணக்கில் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? வீடு பாதுகாப்பாக இருந்தால் இப்போது பார்க்காமல் விடுவதில் தவறில்லை, அப்போது பார்த்ததுதான் வீண். பாதுகாப்பில்லை என்றால் இப்போது விடுவது தவறு. இரண்டில் ஒன்றைத் துறை சொல்லவேண்டும். தவிர, வரம்புக்குள் அடங்கும் மனைக்காரரும் பட்டாவுக்கும் உட்பிரிவுக்கும் பழைய ஜன்னலிலேயே நிற்கிறார். கடைசிப் படியை வழுக்காமல் செதுக்கியிருக்கிறீர்கள். முதல் பத்துப் படிகள் அப்படியே இருக்கின்றன.

மேசைக்குக் கீழே நடப்பதைப் பற்றி எழுதாவிட்டால் இந்த மனு முழுமை பெறாது. லஞ்சம் கொடுப்பவர்தான் வாங்குபவரைக் கெடுக்கிறார் என்பது தங்கள் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் தத்துவம். ஊழல் தடுப்புச் சட்டமும் 2018 திருத்தத்தில் கொடுப்பவரைக் குற்றவாளியாக்கிவிட்டது. கட்டாயத்தால் கொடுத்தவருக்கு மட்டும் ஒரு வழி வைத்தது: 7 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இந்த 7 நாளை வகுத்தவர் கோப்பு என்ற ஒன்றைக் கண்டதே இல்லை போலும். கொடுத்த எட்டாம் நாளிலும் கோப்பு அதே மேசையில்தான் இருக்கும். புகார் கொடுத்தால் அங்கேயே இருக்கும். கொடுக்காவிட்டால் கொடுத்தவர் சட்டப்படி குற்றவாளி. லஞ்ச ஒழிப்புத் துறையின் ரசாயனப் பொடி தடவிய நோட்டோடு உள்ளே போகும் துணிச்சல், பாதி அஸ்திவாரம் தோண்டி, வங்கிக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு எங்கிருந்து வரும்? தாமதம் இருக்கும் இடத்தில்தான் விலை பிறக்கிறது. தாமதத்தை ஒழிக்காமல் கொடுப்பவரின் ஒழுக்கத்தைத் திருத்தப் பார்ப்பது, துறைக்கு மிக வசதியான சீர்திருத்தம்.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதியற்ற கட்டடங்கள் பற்றி நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்கள் தந்தது. வரன்முறை என்பது அபூர்வமான சூழலில், ஒரே ஒருமுறை எடுக்கும் நடவடிக்கையாக மட்டுமே இருக்கலாம் என்று மறுபடியும் சொன்னது. ‘ஒரே ஒருமுறை’ என்பதைத் தாங்கள் எப்படிப் படிப்பீர்கள் என்பதற்கு 1998-லிருந்து சான்று இருப்பதால், அடுத்த திட்டம் வராது என்று நம்ப என்னால் முடியவில்லை. எனவே கோரிக்கையைச் சுருக்கிக்கொள்கிறேன். சுயசான்றால் மிச்சமான அலுவலர்களைச் சிறு வீடுகளிலிருந்து விடுவித்து, தளம் ஏறிக்கொண்டிருக்கும் வணிகக் கட்டடங்களுக்கு முன்னால், தளம் ஏறும்போதே நிறுத்துங்கள். அடுத்த வரன்முறை அரசாணை வெளியாகும் அன்றே இன்னொரு பட்டியலையும் வெளியிடுங்கள்: அதுவரை முறையாக விண்ணப்பித்து நிலுவையில் இருக்கும் கோப்புகள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து. மீறியவர்களுக்குக் கடைசி நாள் குறிக்கும்போது, அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அனுமதி கொடுக்கத் தங்களுக்கும் ஒரு கடைசி நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்பவர்களில் ஒருவர்