வீட்டை எட்டிப் பார்ப்பவர்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றின் கணினிக் கூடம். காலம் 2004 வாக்கில். கடைசி வரிசையில், திரை யார் கண்ணிலும் படாத மூலை இருக்கை இவருக்கே பட்டா போட்டது. வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், அந்த மௌஸ் அடிக்கடி மக்கர் பண்ணும் என்று அக்கறையோடு சொல்லி எழுப்பிவிடுவார். வயது 16. கழுத்துக் கயிற்றில் பென் டிரைவ். புறங்கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய, புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். காதலியின் தொலைபேசி எண்ணோ என்று சந்தேகிக்க வேண்டாம். வீட்டு இணைய இணைப்பின் ஐ.பி. முகவரி அது.

இங்கே உட்கார்ந்தபடி வீட்டில் இருக்கும் தன் கணினிக்குள் நுழைந்துவிட வேண்டும், இவருக்கு அது போதும். எதற்கு என்று கேட்டால், ஆங்கில வகுப்புக் கட்டுரை அதில்தான் இருக்கிறது என்பார். பொய்யில்லை. கட்டுரையின் எடை முப்பது கிலோபைட் இருக்கும். அதை எடுத்து வரப் போகும் 'பட்டி' என்ற மென்பொருள் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். மென்பொருள் பென் டிரைவில் ஏறிப் பத்திரமாகப் பள்ளிக்கு வந்துவிட்டது. கட்டுரைதான் வரவில்லை.

தடைகள் போட்டதற்காகப் பள்ளி மேலும் குற்றம் சொல்ல முடியாது. 2000 டிசம்பரில் அமெரிக்காவில் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இணையக் கட்டணத்தில் 'ஈ-ரேட்' என்ற அரசுத் தள்ளுபடி உண்டு. பள்ளியின் வசதியைப் பொறுத்து 20 முதல் 90 சதவீதம் வரை கிடைக்கும். அது வேண்டுமென்றால் ஆபாசப் படங்களை மறைக்கும் வடிகட்டி போட்டாக வேண்டும். வடிகட்டி விஷயத்தில் சட்டம் கேட்டது அவ்வளவுதான். வடிகட்டி என்று ஒன்று கைக்கு வந்த பிறகு யார் சும்மா இருப்பார்கள்? விளையாட்டு, அரட்டை, இலவச மின்னஞ்சல் என்று பள்ளிகள் தங்கள் பங்குக்குச் சேர்த்துக்கொண்டே போயின. மார்பகப் புற்றுநோய் பற்றிப் படிக்கப் போன பிள்ளைக்கும் 'அனுமதி இல்லை' என்ற பலகை வந்து நின்றது. நம்மவர் அந்தப் பலகையை ஒரு தனிப்பட்ட சவாலாக எடுத்துக்கொள்ளும் ரகம்.

கொஞ்சம் சீண்டினால் பரம்பரைப் பெருமை பேசுவார். 1968-இல் சியாட்டிலின் லேக்சைடு பள்ளியில் தாய்மார் மன்றம் பழைய சாமான் விற்றுச் சேர்த்த பணத்தில் ஒரு டெலிடைப் எந்திரம் வந்தது. எந்திரம் பள்ளியில், கணினி வேறெங்கோ. நடுவில் தொலைபேசிக் கம்பி. அதில் கை பழகிய மாணவர்களில் இருவர் பில் கேட்ஸும் பால் ஆலனும். நேரக் கட்டணம் கட்டாமல் கணினியை ஓட்ட ஓட்டை கண்டுபிடித்ததற்காக, ஒரு கம்பெனி இவர்கள் உட்பட நால்வருக்கு ஒரு கோடைக்காலம் முழுக்கத் தடை போட்டது. பிறகு, பிழை கண்டுபிடித்துக் கொடுத்தால் கணினி நேரம் இலவசம் என்று அதே கம்பெனி அழைத்துக்கொண்டது. நம்மவர் கதை சொல்லும்போது தடை விஷயத்தை அரை வரியில் முடித்துவிட்டு அழைப்புக்குத் தாவிவிடுவார்.

தொழில்நுட்பத்துக்கு வருவோம். வீட்டில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்.பி.யின் ஹோம் பதிப்பு. தொலைவிலிருந்து உள்ளே விடும் வசதியை மைக்ரோசாஃப்ட் புரொஃபஷனல் பதிப்புக்கு மட்டுமே வைத்திருந்தது. ஆகவே இவர் வி.என்.சி.யை நாடினார். அது கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் பிறந்த இலவச மென்பொருள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசருக்கு இன்னொரு புகழும் உண்டு. 1991-இல் கேம்பிரிட்ஜ் கணினித் துறையில் காபி ஜாடி காலியா நிறைவா என்று மாடிப்படி ஏறிப் பார்க்காமல் இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்ள, அதன் எதிரே கேமரா வைத்தவர்களில் அவரும் ஒருவர். பத்து ஆண்டு கழித்து, அங்கே இருந்த பழுதான காபி எந்திரம் 3,350 பவுண்டுக்கு ஏலம் போனது. எழுந்து போகச் சோம்பல்பட்டவர்கள் இந்தத் துறைக்குச் செய்த தொண்டு கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் வி.என்.சி. வழக்கமாகப் போகும் 5900 என்ற வாசலைப் பள்ளி அடைத்திருந்தது. தொலைவிலிருந்து நுழைய உதவும் மற்ற வாசல்களான 3389-ம் 22-ம் அப்படியே. 443-ஐ மட்டும் அடைக்க முடியாது. அடைத்தால் ஆசிரியர்களுக்கு வங்கிக் கணக்கு திறக்காது. ஆகவே வீட்டுக் கணினியை 443-இல் காதை வைத்துக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பட்டி திறக்கும் எஸ்.எஸ்.எச். என்ற குழாய் வழியே வி.என்.சி.யை அனுப்பினார். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடு போனதைக் கண்டு, 1995-இல் தாத்து யுலோனென் எழுதியது அது. திருடனுக்குப் பயந்து போட்ட சுரங்கத்தில் பள்ளிப்பிள்ளை தவழ்வான் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கணக்கு எல்லாம் சரி. கணக்கில் வராதவர் அம்மா. யாரும் இல்லாத அறையில் ஓர் எந்திரம் இரைந்துகொண்டிருப்பதை எந்த ஊர் அம்மாவும் பொறுப்பதில்லை. அணைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். 'தயவுசெய்து அணைக்க வேண்டாம்' என்று மகன் ஒட்டிய மஞ்சள் சீட்டின் கீழே, 'மின்கட்டணம் யார் கட்டுவது?' என்று மறுநாள் ஒரு வரி சேர்ந்திருக்கும். அணைத்த கணினியைத் தூரத்திலிருந்தே எழுப்பும் வித்தையும் உண்டு. வலை அட்டையின் முகவரியைப் பதினாறு முறை திருப்பித் திருப்பிச் சொல்லும் 102 பைட் செய்தி அது; 'மாயப் பொட்டலம்' என்று பெயர். வீட்டு ரௌட்டருக்கு மாயத்தில் நம்பிக்கை இல்லை. வாசலிலேயே தடுத்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை எல்லாம் கூடி வந்தது. கணினி விழித்திருந்தது, ஐ.பி. மாறவில்லை, குழாய் திறந்தது. வீட்டு இணைப்பின் மேலேற்றும் வேகமோ நொடிக்கு 128 கிலோபிட். திரை மேலிருந்து கீழே, மழையில் நனைந்த போஸ்டர் சுவரிலிருந்து உரிந்து வருவதுபோலப் பட்டை பட்டையாக வந்தது. வேகத்துக்காக வண்ணங்களை எட்டாகக் குறைத்திருந்ததால், பின்னணிப் படத்தில் இருந்த செல்லப் பூனை பச்சை நிறமாக இருந்தது.

அப்போது மௌஸ் அம்பு தானாக நகர்ந்தது.

காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றுவிட்ட தம்பி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். வி.என்.சி.யில் ஒரே திரைதான், அங்கிருப்பவரும் பார்க்கலாம், இங்கிருப்பவரும் பார்க்கலாம். ஓர் அம்பை இருவரும் இழுக்கலாம். அண்ணன் கட்டுரை இருந்த கோப்புறையை நோக்கி இழுக்க, தம்பி சீட்டாட்டத்தை நோக்கி இழுத்தான். கடைசியில் அண்ணன் நோட்பேடைத் திறந்து, 'கையை எடுடா, நான்தான்' என்று தட்டினார். நீண்ட மௌனம். பிறகு அடுத்த வரியில், மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, 'நீ பள்ளியில் இருக்கிறாய். நீ யார்?' என்று வந்தது. பயந்துபோன பையன் அம்மாவின் அலுவலகத்துக்கே போன் போட்டுவிட்டான்.

கூடத்தின் முன்வரிசையில் ஆசிரியரும் சும்மா இல்லை. மாணவர் திரைகளையெல்லாம் சிறு சிறு கட்டங்களாகத் தன் திரையில் பார்க்கும் மென்பொருள் அவரிடம் இருந்தது. அதுவும் தொலைவிலிருந்து கணினி பார்க்கும் அதே சரக்குதான். மூலை இருக்கையின் மறைவெல்லாம் வெறும் கண்ணுக்குத்தான். தலையைத் தூக்காமலே கேட்டார்: "பின்னால் அந்தப் பச்சைப் பூனை யாருடையது?"

செப்டம்பரில் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கணினிப் பயன்பாட்டு விதித் தாளை எடுத்துக் காட்டினார்கள். பள்ளிக் கணக்கு இரண்டு வாரம் முடக்கம், ஒரு சனிக்கிழமைக் காலை பள்ளியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டுரை அப்போதும் வந்து சேரவில்லை.

இந்த இனம் அழிந்துவிடவில்லை. 2013-இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகள் மாணவர்களுக்கு ஐபேட் கொடுத்தபோது, அதிலிருந்த கட்டுப்பாட்டை 300 பேர் அளவில் உடைத்துவிட்டார்கள்; கருவி கைக்கு வந்து வாரக்கணக்குகூட ஆகவில்லை. அமைப்புகளுக்குள் போய்ப் பள்ளியின் புரொஃபைலை அழித்தார்கள், அவ்வளவுதான். சுரங்கம் தோண்டிய நம்மவருக்கு இந்தச் செய்தி மனவருத்தம் தந்திருக்கும். இதில் கலை எங்கே இருக்கிறது?

பள்ளியே வீட்டை எட்டிப் பார்த்ததும் உண்டு. ஃபிலடெல்ஃபியா அருகே லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் தன் உயர்நிலை மாணவர்களுக்கு மேக்புக் கொடுத்திருந்தது. தொலைந்ததைத் தேட என்று அதில் ஒரு மென்பொருள். இயக்கிவிட்டால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவால் ஒரு படமும் திரையை ஒரு படமும் எடுத்து அனுப்பும். வீட்டிலிருந்த மாணவரைத் தன் படுக்கையறையிலேயே அது படம் எடுத்தது வெளிவந்து, 2010 பிப்ரவரியில் வழக்கானது. அப்படிச் சேர்ந்த படங்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அக்டோபரில் 6,10,000 டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் வழக்குப் போட்ட மாணவர் இருவருக்கும் சேர்த்து 1,85,000, வழக்கறிஞருக்கு 4,25,000. பள்ளியிலிருந்து வீட்டைப் பார்த்தது என்ற வகையில் இதுவும் நம்மவர் செய்ததும் ஒரே குற்றம்தான். மாவட்டத்தில் யாரையும் சனிக்கிழமைக் காலை உட்கார வைத்ததாகத் தெரியவில்லை.