ஒரு குடம் நல்லதண்ணி

ஆயில் நட்டைக் கழற்றியதும் பால் தூக்கலாகப் போட்ட டீ நிறத்தில் ஒரு குழம்பு கொழகொழவென்று தட்டில் இறங்கியது. மகன் அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். நறநறவென்றது. "ஆத்து வண்டல்ப்பா" என்றான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்ததே, அந்த வெள்ளத்தில் முங்கிக் கிடந்த வண்டி. ஹீரோ இம்பல்ஸ், 2012 மாடல். அடுத்த மார்ச்சில் 16,000 ரூபாய்க்கு வாங்கினோம்.

தட்டைப் பார்த்தபடி நின்ற எனக்கு 1989 நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு அப்போது முத்தையாபுரம் பக்கம் ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை வேலை. பாத்திகளுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வந்தவர், ஒரு நாள் சாயங்காலம் பழைய யெஸ்டி ஒன்றோடு வந்து நின்றார். 5,500 ரூபாய். அம்மாவின் வளையல் இரண்டு அதில் போயிருந்தது.

மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனியின் வண்டி. 250 சிசி, டூ ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். இடது பக்கம் இருக்கும் கியர் லிவரையே உள்ளே அழுத்தித் திருப்பினால் அதுதான் கிக்கர். ஊரில் பலரும் பைலட் சீட்டின் அழகைப் பார்த்து வண்டி வாங்கிய காலத்தில், அப்பா குனிந்து பார்த்தது செயினைத்தான். யெஸ்டியில் செயின் முழுக்க மூடிய கூட்டுக்குள் ஓடும். உப்பளத்துச் சகதியும் உப்புக் காற்றும் அதற்குள் சுலபத்தில் போகாது. மண்பாதைக்கென்று தனியாக ஒரு பைக் விற்பார்கள் என்பதே எங்களுக்கு அன்று தெரியாது. ரோட்டுக்குச் செய்த வண்டியை மண்ணுக்குப் பழக்கினோம்.

பழைய வண்டி வாங்குவதைத் தாத்தா முத்துக் குளிக்கும் சலாபத்தோடு ஒப்பிடுவார். சலாபத்தில் சிப்பியைத் திறக்காமல், ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அதைக் குவித்து, அழுகவிட்டு, நாற்றத்தோடு நாற்றமாக உட்கார்ந்து அலசினால்தான் உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது தெரியும். தூத்துக்குடியில் 1961 சலாபத்தோடு அது நின்றுபோனது. தாத்தா அங்கே வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதியவர். அப்பா யெஸ்டியைக் கொண்டுவந்த அன்று அவர் டேங்க்கின் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. "மட்கார்டுக்குள்ள கையைவிட்டுப் பாருல" என்றார். விட்டேன். துரு செதில் செதிலாக என் உள்ளங்கையில் உதிர்ந்தது.

தூத்துக்குடியில் வண்டியைக் கொல்வது உப்பு. அதுவும் வெளியே தெரிகிற இடத்தில் தொடங்காது. ஸ்டாண்டு மாட்டியிருக்கும் வெல்டிங், ஸ்போக் ரிம்முக்குள் நுழையும் நிப்பிள், மட்கார்டின் உள்மடிப்பு என்று ஈரம் தங்கும் இடமாகப் பார்த்துத் தின்னும். அதனால் அப்பா பெயின்ட்டுக்குக் காசு கொடுக்கவில்லை. அந்தப் பணத்தில் ஸ்போக் முழுவதையும் மாற்றினார், பாயிண்ட்டும் கண்டன்சரும் புதிதாகப் போட்டார். மட்கார்டின் அடியில் மாதம் ஒருமுறை வேஸ்ட் ஆயிலைத் தூரிகையால் பூசினார்.

வீட்டில் சண்டை வந்தது தண்ணீரில்தான். ஊருக்குக் குடிநீர் வல்லநாட்டிலிருந்து குழாயில் வர வேண்டும். எங்கள் தெருவில் அது வருகிற நாளை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். வீட்டுக் கிணற்றிலோ உப்பு. கிணற்றுத் தண்ணீரில் வண்டியைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. உப்பளத்திலிருந்து வந்ததும் அப்பா ஒரு குடம் நல்லதண்ணியை எடுத்து, ஸ்டாண்டுக்கு அடியில் முதலில் ஊற்றுவார். பிறகு சக்கரக் குடத்தில், கடைசியாக மிச்சம் இருந்தால் டேங்க்கில். "பிள்ளைக குடிக்கிற தண்ணி" என்று அம்மா சொல்வாள். அப்பா பதில் சொல்ல மாட்டார். அம்மா அன்று பட்ட கோபம் முழுக்க நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த வண்டி பன்னிரண்டு வருடம் எங்களுக்குச் சோறு போட்டதும் நிஜம்.

அப்படி நல்லதண்ணிக்குக் காத்துக் கிடந்த ஊரில், நல்லதண்ணியே மூழ்கடித்த வண்டி இப்போது என் முற்றத்தில் நிற்கிறது.

மண்பாதைக்கும் ஏற்ற இம்பல்ஸை மகன் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது. கம்பெனி அதை 2011இல் கொண்டுவந்து 2017இல் நிறுத்திவிட்டது; பாடி பார்ட்ஸ் கிடைப்பது கஷ்டம். ஆனால் உள்ளே இருப்பது ஹங்க்கிலும் சிபிஇசட் எக்ஸ்ட்ரீமிலும் ஓடிய அதே 149 சிசி இன்ஜின். பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட் எந்தக் கடையிலும் உண்டு. கையில் காசு குறைவாக இருப்பவன் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உடைந்த மட்கார்டோடு ஓட்டலாம், ஸ்பேர் கிடைக்காத இன்ஜினை ஓட்ட முடியாது. வாங்கும் முன் சேஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்சி புக்கோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டான். வெள்ளத்து வண்டி என்பதால், இன்சூரன்ஸில் முழு இழப்பு என்று எழுதித் தள்ளியதா என்றும் விசாரித்தோம். பதினைந்து வருடப் பதிவு 2027இல் முடியும்; புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 300லிருந்து 1,000 ரூபாயாக ஏறிவிட்டது. அதையும் விலையில் கழித்தே பேசினோம்.

முங்கிய வண்டியைக் கிக் அடித்துப் பார்ப்பவர்தான் அதை இரண்டாம் முறை கொல்கிறார். சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாங்கள் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசல் ஊற்றி இரண்டு ராத்திரி விட்டோம். மூன்றாம் நாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்தபோது, எங்கோ ஆழத்தில் 'டொக்' என்றது. பிஸ்டன் விட்டுக்கொடுத்தது. விலை மலிந்த ஆயிலை ஊற்றி, சுற்றி, வடித்து, திரும்ப ஊற்றி, மூன்றாவது தடவைதான் டீ நிறம் போனது.

வயரிங்தான் ஆளை வதைத்தது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு கப்ளரைப் பிரித்தால் உள்ளே பின்கள் எல்லாம் பச்சை பூத்து, பாசி பிடித்த கோயில் மணி போல இருந்தன. பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு பின்னையும் பெட்ரோலில் தேய்த்து, காயவைத்து, கிரீஸ் தடவி மாட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. வீல் பேரிங், ஃபோர்க் சீல், ரிங், செயின் செட், பாதி தேய்ந்த டயர்கள் எல்லாம் சேர்த்து 14,000. பெயின்ட் அடிக்கவில்லை. நான் சொல்லித்தரவில்லை, அவனாகவே வேண்டாம் என்றான்.

அப்பா உப்பளத்துக்கு ஒரு தார்ச்சாலை வராதா என்று வருடக்கணக்கில் ஏங்கினார். பேரன் தார் முடிகிற இடத்தைத் தேடிப் போகிறான். திருச்செந்தூருக்கு மேற்கே செம்மணல் மேடான தேரி. குதிரைமொழித் தேரியில் காப்புக்காட்டுக்குள் வண்டி விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஓரத்துப் பனைகளுக்கு நடுவே வண்டிப்பாதையோடு சரி. டயரில் காற்றைக் குறைத்து, சீட்டிலிருந்து எழுந்து நின்று, ஹேண்டிலை இறுக்காமல் அவன் அந்த மணலில் போவதைப் பார்த்தபோது, அப்பா பாத்தி வரப்பில் முழங்கால்களால் டேங்க்கை அணைத்துக்கொண்டு போன அதே சாயல் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் வண்டி முட்டளவு சிவப்பாக வந்து நின்றது. அப்பாவுக்கு இப்போது எண்பத்து நான்கு. திண்ணையில் நாற்காலியில் இருந்தபடி கேட்டார்: "ஸ்டாண்டுக்கு அடியில ஊத்துனியால?"

"இந்தா ஊத்துதேன்ப்பா."

மகன் வண்டியைச் சாய்த்துப் பிடித்தான். மூன்றாவது குடத்தில்தான் தண்ணீர் தெளிந்து வந்தது.