மலை தரும் ஆன்டெனா கோபுரம்

கேள்வி: அமெச்சூர் ரேடியோவில் வீட்டிலிருந்தே பேசலாமே! அதை முதுகில் சுமந்துகொண்டு மலை உச்சிக்கு ஏறுவானேன்?

பதில்: வீட்டில் சார்ஜரும் எல்.இ.டி. விளக்கும் நமக்கு முன்பே பேசத் தொடங்கிவிடுகின்றனவே! அந்த மின் இரைச்சல் உச்சியில் இல்லை. தவிர, இதில் பயன்படும் 144 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை. தரையில் நிற்பவருக்கு அடிவானம் 5 கி.மீ.கூட இல்லை. வேல்ஸின் ஸ்னோடன் உச்சியில் (1,085 மீட்டர்), கடல் பக்கம் பார்த்தால் சுமார் 117 கி.மீ.! கையடக்க 5 வாட் செட்டே அங்கே ராஜா. கோபுரம் கட்டும் செலவை மலையே ஏற்றுக்கொள்கிறது.

இதை ஒரு விளையாட்டாக்கியது, 2002 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' திட்டம். உச்சிக்கு உச்சி புள்ளி உண்டு; குறைந்தது நான்கு பேரிடம் பேசினால்தான் கணக்கில் சேரும். ஆயிரம் புள்ளி எடுத்தவருக்கு 'மலை ஆடு' என்று பட்டம். ஆடு என்று அழைக்கப்படுவதற்காக மனிதர்கள் வருடக்கணக்கில் உழைப்பது இங்கேதான்!

பெட்ரோல் ஜெனரேட்டர் கூடாது. பேட்டரி, சோலார் சரி. ஸ்னோடனுக்கு 1896 முதல் ரயில் ஓடுகிறது. ஆனால் ரயிலிலேயே உச்சியில் போய் இறங்கினால் புள்ளி கிடையாது. இந்த விதிக்காகவே இந்த விளையாட்டை நான் மதிக்கிறேன்.

முழங்கால் மறுக்கிறதா? உச்சியில் இருப்பவரை வீட்டிலிருந்து தொடர்புகொண்டாலும் புள்ளி உண்டு. முதலில் லைசென்ஸ் எடுங்கள். பூட்ஸ் பிறகு வாங்கலாம்.