13 ரூபாய் பாக்கி

பெங்களூர் மர்பி டவுனில் ஒருவர் செத்தால் மூலையில் கட்டும் பிளெக்ஸைப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரியும். 2018-இல் ஐகோர்ட்டு கண்ணை உருட்டியதும் மாநகராட்சி பிளெக்ஸுக்குத் தடை போட்டது. கண்ணீர் அஞ்சலிக்கு அந்தத் தடை செல்லாது என்பது எங்கள் ஏரியாவின் சட்ட அறிவு. பார்க்கார அண்ணன் போனபோதும் ராவோடு ராவாக ஒன்று ஏறியது. நடுவில் கூலிங் கிளாஸோடு அவர். மேலே அம்பேத்கர், வேளாங்கண்ணி மாதா, டாக்டர் ராஜ்குமார். கீழே தபால்தலை அளவில் ஏகப்பட்ட முகங்கள், ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’. அந்த முகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், கல்லாப்பெட்டியில் அவர் வைத்திருந்த பாக்கி நோட்டைப் புரட்டிய மாதிரி இருந்தது. யாருடைய வருத்தம் எத்தனை ரூபாய் ஆழம் என்பது அந்த நோட்டில் இருந்தது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எழுந்து வந்து, “இன்னா மச்சா, பேரெல்லாம் போடறே, எக்ஸைஸ்காரன் படிப்பான்ல?” என்பார்.

மர்பி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ரேடியோ ஞாபகம் வரும். இவர் வேறே. கன்டோன்மெண்ட், சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனாக இருந்த காலத்து இன்ஜினியர் டபிள்யூ.எச். மர்பி. அவருக்கு முன்னால் இந்த இடம் நாக்ஸ் பேட்டை. 1809-இல் வெள்ளைக்காரன் அல்சூர்ப் பக்கம் பட்டாளத்தைக் கொண்டுவந்து இறக்கினான். குதிரை தேய்க்க, மூட்டை தூக்க, சுவர் கட்ட, சோறாக்க என்று ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் நம் ஜனங்கள் கூடவே வந்தார்கள். கட்டியது இவர்கள், பெயர் அவர்களுக்கு. சுற்றிலும் பாருங்கள்: பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், பென்சன் டவுன், ஆஸ்டின் டவுன். மேப்பை விரித்தால் துரைமார் கிளப்பின் மெம்பர் லிஸ்ட்.

அந்தக் கிளப்பும் ரெசிடென்சி ரோட்டில் இருக்கத்தான் இருக்கிறது. 1868-இல் தொடங்கியது, இன்றைக்கு பெங்களூர் கிளப். 1896-இல் 21 வயது குதிரைப்படை ஆபீசர் ஒருவர் இங்கே வந்து சேர்ந்தார், பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். அவர் பார்த்த உத்தியோகம் போலோ ஆடுவது, ரோஜா வளர்ப்பது, பட்டாம்பூச்சி பிடிப்பது. பிடித்துச் சேர்த்த பூச்சிகளையெல்லாம் ஒருநாள் ஒரு எலி தின்று தீர்த்தது. துரை விடவில்லை. எலியைப் பிடித்து, வின்ஸ்டன் என்று தன் பெயரே உள்ள நாயிடம் கொடுத்துக் கொல்ல வைத்தார். ஹிட்லருக்கு முன்னால் அவர் ஒத்திகை பார்த்தது எங்கள் ஊர் எலியிடம்தான். 1899-இல் அவர் இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டார். கிளப்பில் 13 ரூபாய் பாக்கி நின்றது. வராக்கடன் என்று கமிட்டி எழுதித் தள்ளியது. அந்த லெட்ஜரைக் கிளப் பொக்கிஷமாக வைத்திருக்கிறது. விருந்தாளி வந்தால் காட்டுகிறார்கள்.

அண்ணனுக்கு இந்தக் கதை உயிர். புதுசாக யார் உள்ளே வந்து உட்கார்ந்தாலும், வேகவைத்த கடலை வருவதற்குள் இது வந்துவிடும். “பதிமூணு ரூபா ஏமாத்தனவன் பேரு கண்ணாடிப் பொட்டில. ஊத்திக் குடுத்தவன் பேரு எங்கடா? அந்த பட்லர் யாரு? நம்ம ஆளாத்தான் இருப்பான்.” பிறகு, நம்ம ஏரியா மீட்டர் வட்டியில் அந்தப் பதிமூன்று ரூபாய் இன்றைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுவார். லண்டனை எழுதிக் கொடுத்தாலும் அசல் நிற்கும் என்பது அவர் தீர்ப்பு.

பாக்கியில் எங்கள் ஊர் சாமானியமில்லை. 1915-இல் தாமஸ் லெய்ஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஐந்து பீர் ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் என்று பெயர் வைத்தார். பட்டாளத்துத் தாகத்துக்குப் பீப்பாய் பீப்பாயாகப் பீர் போயிற்று. 1947-இல் விட்டல் மல்லையா அதற்குள் நுழைந்தார். மகன் விஜய் மல்லையா பீர்ப் பெயரை எடுத்து விமானத்துக்கு வைத்தார். விமானம் ஒரு கட்டத்தில் இறங்கி, ஏறவே இல்லை. 9,000 கோடிக்கு மேல் பாக்கி என்று வங்கிகள் கத்த, 2016 மார்ச் 2-ஆம் தேதி அவர் லண்டன் பக்கம் போனார். அன்றிலிருந்து அண்ணனின் கடன் கொள்கை திட்டவட்டமாயிற்று. “பாக்கி வெச்சிட்டு லண்டன் போறவன் பெரிய மனுசன். நீ எங்க போவே? கேஜிஎஃப், மாமியார் வூட்டுக்கு. நாளானிக்கு வந்துடுவே. அதான் உனக்குக் குடுக்கறேன்.”

கல்யாணமாகாதவனுக்கு மட்டும் கடன் கிடையாது. கேட்டு வாங்க வீட்டில் ஆள் வேண்டுமே. சனிக்கிழமை சாயந்திரம் கூலி கைக்கு வந்த நேரத்தில் பின்வாசலைப் பூட்டிவிடுவார். முன்வாசலில் மனைவிமார் நிற்பார்கள். குடிக்கிறவனுக்கும் நல்லவர், பிடிக்க வந்தவளுக்கும் நல்லவர். இப்படி இரண்டு கட்சியிலும் ஓட்டு வாங்கிய மனிதர் எங்கள் வார்டில் வேறு யாருமில்லை.

அவர் தண்ணீர் கலக்கவே மாட்டார் என்று இப்போது புராணம் பாடுகிறார்கள். கலப்பார். ஆனால் கலந்தது தண்ணீர்தான், வேறெதுவும் இல்லை. இதை லேசாகச் சொல்லக் கூடாது. 1981 ஜூலையில் விஷச் சாராயம் குடித்து இந்த நகரத்தில் 300 பேருக்கு மேல் செத்தார்கள். செத்ததெல்லாம் கூலிக்காரர்கள். அதைப் பார்த்த தலைமுறைக்கு, சீல் உடையாத பாட்டிலைக் கண்ணெதிரே திறக்கிறவன் தெய்வத்துக்கு அடுத்தபடி.

அல்சூர் ஏரிக்கரையில் ஒரு தெய்வப் புலவரும் இருந்தார், கோணிக்குள். 1991-இல் வைத்த திருவள்ளுவர் சிலையைத் திறக்கக் கூடாது என்று தகராறு. அந்த டிசம்பரில் காவிரிக் கலவரம், தமிழன் கடை ஷட்டரெல்லாம் கீழே. வள்ளுவர் 18 வருஷம் முகம் மூடியே நின்றார். ‘கள்ளுண்ணாமை’ என்று ஒரு அதிகாரமே எழுதியவர் பக்கத்தில் இருக்கும்போது குடிக்கக் கூச்சமாக இல்லையா என்று யாரோ கேட்டதற்கு, “அவருதான் பாக்கலியே, ஊத்து” என்றாராம் அண்ணன். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கருணாநிதி வந்து, எடியூரப்பா பக்கத்தில் நிற்க, திரை விலகியது. அன்றைக்கு ஏரிக்கரை வழியாக வீட்டுக்குப் போகிற ஆட்கள் சுற்றுவழியில் போனார்கள்.

கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் தூக்கிக்கொண்டு போன 2000-ஆம் வருஷம் இன்னும் கஷ்டம். 108 நாள். பாரில் கன்னடப் பாட்டு மட்டும் ஓடிற்று. ஆர்டர் கன்னடத்தில், சண்டை கன்னடத்தில், சமாதானமும் கன்னடத்தில். ஆனால் மூன்றாவது நைன்ட்டியில் தாய்மொழி வந்துவிடும். அதனால் ராஜ்குமார் வரும்வரை ஆளுக்கு இரண்டோடு சரி என்று அண்ணன் சட்டம் போட்டார். நவம்பர் 15-ஆம் தேதி ராஜ்குமார் விடுதலையானபோது மர்பி டவுனில் தெரிந்த சந்தோஷத்தில் கலப்படமே இல்லை.

பிறகு 2007 ஜூலை 1. கர்நாடகத்தில் சாராயத்துக்குத் தடை. பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பழகிய கூட்டம் மறுநாள் காலை பார் வாசலில் திருதிருவென்று நின்றது. மேஜை, நாற்காலி, மெனு எல்லாம் அவர்களுக்குப் புதுசு. அண்ணன் அவர்களை உட்காரச் சொல்லி வற்புறுத்தவில்லை. சுவர் ஓரமாக ஒரு பலகை அடித்தார், நின்றுகொண்டே குடிக்க. டெட்ரா பாக்கெட் வந்த பிறகு அவர்கள் கடிப்பதற்கும் ஏதோ கிடைத்தது.

சாவுக்கு வருவோம். கல்பள்ளிச் சுடுகாடுவரை தமட்டை அடித்தது, பட்டாசு வெடித்தது. சிக்கல் வேறு இடத்தில். துக்கத்துக்கு பார் மூடியிருந்தது. மனசு ஆறக் குடிக்க வேண்டும், குடிக்க இருந்த இடமோ துக்கத்தில் இருக்கிறது. கடைசியில் அல்சூரில் அண்ணன் ஆயுள் முழுக்கத் திட்டிய போட்டிக் கடைக்குக் கும்பலாகப் போய், ரொக்கம் கொடுத்துக் குடித்து, அந்த அவமானத்துக்கும் சேர்த்து அழுதார்கள். நோட்டை அவரோடு பெட்டியிலேயே வைத்துவிடலாம், அவருக்குப் பிரியமான பொருளாயிற்றே என்று உருக்கமாக ஒரு யோசனையும் வந்தது. அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டு தலையணைக்கு அடியில் போய்விட்டது.

வாணியம்பாடியிலிருந்து வந்த மச்சினருக்குக் கூட்டத்தைப் பார்த்து ஆச்சரியம். “எங்க ஊர்ல 2003-லருந்து கடை டாஸ்மாக்குது, பார் டெண்டர்ல போறது. ஒரு கடைக்காரன் செத்தான்னு யாரும் அழுது நான் பாத்ததில்ல. அரசாங்கம் எங்க சாவுது?” என்றார். அங்கே கடன் கேட்டால் என்ன ஆகும் என்று ஒரு கிழவர் கேட்டார். மச்சினர் பதில் சொல்லாமல் மேலும் கீழும் பார்த்தார். தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போகும் யோசனையைக் கிழவர் அந்த நிமிஷமே கைவிட்டார்.

பாருக்கான சி.எல். 9 லைசென்ஸ் இப்போது மகன் கையில். அரசாங்கம் பல வருஷம் புதுசாகக் கொடுக்காமல் இருந்ததால் அந்தக் காகிதத்துக்கு உள்ள மதிப்பு கட்டடத்துக்குக்கூட இல்லை. பையன் எம்.பி.ஏ. படித்தவன். கல்லா மேலே கியூஆர் அட்டை வைத்திருக்கிறான், ‘கடன் இல்லை’ என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறான். அதே கிழவர் அட்டையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இதுல பழைய பாக்கியெல்லாம் காட்டுமாப்பா?” என்று கேட்டார்.

“காட்டாது தாத்தா.”

“அப்ப நல்ல மிஷினு” என்று சொல்லி ஒரு நைன்ட்டி ஆர்டர் பண்ணினார், கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லி.