ஓரக்கண்ணால் ஒரு சரித்திரம்

1791 ஜனவரியில் ரைன் நதியில் ஒரு வாலிபன் மூழ்கிச் செத்தான். அவன் விதி முடிந்தது. கண்களுக்கு மட்டும் யோகம் பிறந்தது. உடல் போய்ச் சேர்ந்த இடம் ஜெர்மனியின் மைன்ஸ் நகரம். அங்கே சாமுவேல் தாமஸ் சோமரிங் என்ற உடற்கூறியல் பேராசிரியர் கத்தியும் கையுமாக இருந்தார். கண்ணை அறுத்துப் பார்த்தார். விழித்திரையின் நடுவே மஞ்சளாக ஒரு வட்டம். வட்டத்துக்கு நடுவே ஓர் ஓட்டை. ‘மனிதக் கண்ணின் மையத்தில் ஓட்டை இருக்கிறது’ என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டார்.

ஓட்டையெல்லாம் கிடையாது. அந்த இடத்தில் விழித்திரையின் மேலடுக்குகள் பக்கவாட்டில் ஒதுங்கி ஒளிக்கு வழிவிடுகின்றன. அதனால் நடுவில் மெலிந்து ஒரு குழி. ஐந்தரை மில்லிமீட்டர் அகல மாக்குலாவும், அதன் மையத்தில் ஃபோவியா என்கிற இந்தக் குழியும்தான் உங்களை இந்த வரியைப் படிக்கவைக்கின்றன. மனிதன் எதையாவது உற்றுப் பார்க்கிறான் என்றால் அந்த இடத்தால்தான் பார்க்கிறான். சோமரிங் ஓட்டை என்று சொன்னதும் அதே இடத்தை நம்பித்தான்.

அவரைச் சாமானியர் என்று நினைத்துவிடக் கூடாது. மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி என்று 1778இலேயே எண்ணி வரிசைப்படுத்தியவர். மருத்துவ மாணவர்கள் இன்றும் உருப்போடுவது அந்த வரிசையைத்தான். அதோடு விட்டாரா? ஆன்மா எங்கே குடியிருக்கிறது என்றும் கண்டுபிடித்தார். மூளையின் அறைகளுக்குள் இருக்கும் நீரிலாம். 1796இல் அதற்கொரு புத்தகம் போட்டு, தத்துவஞானி இமானுவேல் கான்ட்டிடம் பின்னுரை வேறு வாங்கினார். ஆன்மாவுக்கு விலாசம் தேடுவது ஆகிற காரியமில்லை என்று கான்ட் மிகவும் பதவிசாக எழுதிக்கொடுத்தார். சோமரிங் அதையும் சேர்த்தே அச்சிட்டார். பெரிய மனசு!

இதில் இன்னொரு வேடிக்கை: மிலன் நகரத்தில் பிரான்செஸ்கோ புட்சி என்பவர் 1782இலேயே இந்த மஞ்சள் புள்ளியைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் புகழ் போனது ஓட்டைக்காரருக்கு. லண்டனில் எவரார்ட் ஹோம் என்ற அறுவை மருத்துவர் 1798இல் ராயல் சொசைட்டியில் இந்த ‘ஓட்டை’யைப் பற்றிக் கட்டுரையே வாசித்தார். குரங்கின் கண்ணிலும் அது இருக்கிறது என்று சாட்சி கொண்டுவந்தார். பிற்காலத்தில், தன் மைத்துனரும் மாபெரும் மருத்துவருமான ஜான் ஹன்டரின் கையெழுத்துப் பிரதிகளைத் தீயிட்டுக் கொளுத்தியவரும் இவரே. அவற்றிலிருந்து தன் கட்டுரைகளுக்கு எடுத்துக்கொண்டது வெளியே தெரியக்கூடாது என்பது ஊரார் சந்தேகம். ஓட்டை இல்லாத இடத்தில் ஓட்டையைப் பார்த்தவர், இருந்த காகிதத்தை இல்லாமல் செய்தார். கணக்கு நேர்.

மாக்குலா கெட்டுப்போனவர்களுக்கு நேரே பார்த்தால் எதிராளியின் முகம் தெரியாது. காது தெரியும், தோள் தெரியும். அதனால் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்கப் பழகுவார்கள். மாக்குலாவின் மருத்துவச் சரித்திரமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நேராக முறைத்துப் பார்த்த பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் ஏதாவது அகப்பட்டது.

கணினியின் தாத்தா என்று சொல்லப்படும் சார்லஸ் பாபேஜையே எடுத்துக்கொள்வோம். உயிரோடிருப்பவரின் கண்ணுக்குள்ளே பார்க்க 1847இல் அவர் ஒரு கருவி செய்தார். கண்ணாடியின் பின்பூச்சை ஓரிடத்தில் சுரண்டி, அந்த ஓட்டை வழியாகப் பார்க்கும் ஏற்பாடு. (இந்த ஓட்டை நிஜ ஓட்டை.) அதைக் கொண்டுபோய் லண்டனின் பிரபல கண் மருத்துவர் வார்ட்டன் ஜோன்ஸிடம் காட்டினார். ஜோன்ஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாபேஜும் விட்டுவிட்டார். ஏழு வருடம் கழித்து, ஊரெல்லாம் வேறொருவரைக் கொண்டாடியபோது, ‘பாபேஜ் என்னிடம் முன்பே காட்டினாரே’ என்று ஜோன்ஸ் எழுதினார். நன்றி, டாக்டர்.

அந்த வேறொருவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். வயது 29, கண் டாக்டர் இல்லை, கோனிக்ஸ்பர்க்கில் உடலியங்கியல் வாத்தியார். வகுப்பில் மாணவர்களுக்கு விளக்கிக்காட்ட வேண்டுமே என்று யோசித்தவர், மூக்குக்கண்ணாடி வில்லை, மைக்ராஸ்கோப் கண்ணாடித் தகடுகள், கொஞ்சம் பசை என்று கையில் கிடைத்ததை வைத்துக் கண்ணுக்குள் பார்க்கும் ஆப்தல்மாஸ்கோப்பைச் செய்தார். பள்ளிக்கூடத்தில் படித்த ஒளியியலே போதுமானதாக இருந்தது, இத்தனை நாள் நாமெல்லாம் இப்படி மந்தமாக இருந்தோமே என்ற பொருளில் 1850 டிசம்பரில் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அப்பாவோ பள்ளி ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது வீண்போகவில்லை என்று அன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

பெரிய டாக்டர்கள் என்ன செய்தார்கள்? நோயுற்ற கண்ணில் வெளிச்சத்தைப் பாய்ச்சுவது ஆபத்து, நான் தொடமாட்டேன் என்றார் ஒருவர். பார்வை மங்கிய டாக்டர்களுக்கு வேண்டுமானால் இது பயன்படலாம், எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்றார் இன்னொருவர். ஹெல்ம்ஹோல்ட்ஸ் பிற்காலத்தில் இரண்டையும் நினைவுகூர்ந்திருக்கிறார்; பெயர்களைச் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

கருவி வந்த பிறகு நோய்கள் வரிசையாகத் தென்பட்டன. 1870களில் லண்டனில் ஹட்சின்சனும் டேயும் முதியவர்களின் மாக்குலாவில் வெளிறிய புள்ளிகளை வர்ணித்தார்கள். 1885இல் ஜூரிக்கின் ஓட்டோ ஹாப், முதுமையில் மாக்குலா சிதைவதை விவரித்தார். 1905இல் பெஸ்ட், 1909இல் ஸ்டார்கார்ட் என்று இளையவர்களைத் தாக்கும் பரம்பரை வகைகளுக்கும் ஆளுக்கொரு பெயர் விழுந்தது. சிகிச்சை? அது மட்டும் கிடையாது. டாக்டருக்குப் பெயர் கிடைத்தது, நோயாளிக்கு நோயின் பெயர் கிடைத்தது. இருவரும் கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

சிகிச்சைக்கு முதல் யோசனை கொடுத்தது சூரியன்தான். 1945 ஜூலை 9ஆம் தேதி சூரிய கிரகணம். வெறுங்கண்ணால் பார்க்காதே என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஜெர்மனியில் ஒரு மருத்துவ மாணவரே பார்த்தார். மாக்குலாவில் பொசுங்கிய தழும்போடு வந்து நின்றார். மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஹாம்பர்க்கின் கெர்ஹார்ட் மேயர்-ஷ்விக்கராத் மட்டும் அந்தத் தழும்பை வேறு மாதிரிப் பார்த்தார். வெளிச்சத்தால் விழித்திரையில் தழும்பு உண்டாக்க முடியுமென்றால், கழன்று வரும் விழித்திரையை அந்தத் தழும்பாலேயே ஒட்டவைக்கலாமே! ஆஸ்பத்திரி மாடியில் கண்ணாடிகளைப் பொருத்தி, சூரிய ஒளியைப் பிடித்துவந்து 1949இல் நோயாளியின் கண்ணுக்குள் பாய்ச்சினார். வேலை செய்தது. ஒரே குறை, ஊர் ஹாம்பர்க். அங்கே மேகம் விலகினால்தான் ஆபரேஷன். பஞ்சாங்கம் பார்த்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால் சிரிப்போம். இவர் வானத்தைப் பார்த்து நாள் குறித்தார். அப்புறம் கார்பன் விளக்கு, ஜீஸ் கம்பெனியின் செனான் விளக்கு, கடைசியில் லேசர் என்று சூரியனுக்கு விடுதலை கிடைத்தது.

அடுத்தது இந்தியானா பல்கலைக்கழகம். ஹரால்ட் நோவோட்னி, டேவிட் ஆல்விஸ் என்று இரண்டு பையன்கள். கண் துறைக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஃபுளோரசீன் என்ற சாயத்தைக் கையின் ரத்தக்குழாயில் ஏற்றினால் சில நொடிகளில் விழித்திரை ரத்தக்குழாய்களில் பச்சையாக ஒளிரும். எங்கே கசிகிறது என்று படம் பிடித்துவிடலாம் என்பது யோசனை. முயலுக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. மனிதரில் முதல் ஊசி யாருக்கு? நாணயத்தைச் சுண்டினார்கள். ஆல்விஸ் தோற்றார், கையை நீட்டினார். கட்டுரையை ஒரு கண் மருத்துவ இதழுக்கு அனுப்பினார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1961இல் அதை வெளியிட்டது ‘சர்குலேஷன்’ என்ற இதய மருத்துவ இதழ். இன்று உலகெங்கும் கண் ஆஸ்பத்திரிகளில் ‘ஆஞ்சியோ எடுத்துட்டு வாங்க’ என்கிறார்களே, அது இந்தக் கட்டுரைதான்.

சாயத்துக்கும் ஒரு பூர்வகதை உண்டு. அடால்ஃப் ஃபான் பேயர் 1871இல் அதைத் தயாரித்தார். 1877இல் சிலர் அதில் பத்து கிலோவை டான்யூப் நதியில் கொட்டினார்கள். நதித்தண்ணீர் ஓரிடத்தில் மண்ணுக்குள் மறைகிறதே, எங்கே போகிறது என்று பார்ப்பதற்காக. சுமார் அறுபது மணி நேரத்தில் ஆக் என்ற ஊற்றில் பச்சைப் பசேலென்று பொங்கி, கடைசியில் ரைனில் போய்க் கலந்தது. ஆக, கசிவைக் கண்டுபிடிக்கும் உத்தியோகம் அந்தச் சாயத்துக்குப் பிறவியிலேயே வாய்த்தது.

கசிவு தெரிந்தது, அடைப்பது எப்படி? ஈர வகை மாக்குலா சிதைவில், விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்து ஒழுகும். லேசரால் சுட்டால் நிற்கும். ஆனால் நட்டநடுவில் முளைத்திருந்தால், குழாயோடு பார்வையும் சேர்ந்து கருகும். சிகிச்சை முடிந்த அன்றே பார்வை குறையும். ‘சும்மா விட்டிருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும்’ என்று டாக்டர் ஆறுதல் சொல்வார். அது உண்மையும்கூட. உண்மையாக இருந்து என்ன, நோயாளி எழுந்து வந்து கைகொடுப்பாரா?

1993இல் ராபர்ட் மெஷெமர் ஒரு வழி சொன்னார். விழிக்குள் இருக்கும் ஜெல்லை உறிஞ்சி எடுக்கும் அறுவைக்கு முன்னோடி அவர். அதற்கு மயாமியில் தன் கார் ஷெட்டில் முட்டை வெள்ளைக்கருவில் பழகியவர். இப்போது சொன்னது இதுதான்: கெட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும் மாக்குலாவை நல்ல இடத்துக்கு நகர்த்துவோம், அதற்காக விழித்திரை முழுவதையும் சுற்றிலும் வெட்டிச் சுழற்றுவோம். சுவரில் ஆணி அடித்த இடம் பொத்தல் என்பதற்காக வீட்டையே திருப்பி வைப்பது மாதிரி. நடந்தது, ஆனால் நோயாளிக்கு உலகம் சாய்ந்து தெரிந்தது. அதை நிமிர்த்தக் கண்ணின் தசைகளில் இன்னோர் அறுவை.

இதற்கிடையில் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் வேறு வேலையில் இருந்தார்கள். கட்டி வளர ரத்தக்குழாய் வேண்டும், குழாயை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் சொன்னபோது பலர் சிரித்தார்கள். குழாய் முளைக்கவைக்கும் விஈஜிஎஃப் என்ற புரதத்தை 1989இல் நெப்போலியோனே ஃபெராரா பிரித்தெடுத்தார். அதைத் தடுக்கும் அவாஸ்டின் 2004இல் பெருங்குடல் புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005இல் மயாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் அதில் ஒரு துளியை ஈர வகை மாக்குலா நோயாளியின் கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார். வீக்கம் வடிந்தது. குடலுக்கென்று வந்தது கண்ணைத் திறந்தது.

மருந்துக் கம்பெனிக்கு இது மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அதே கம்பெனி கண்ணுக்கென்றே லூசென்டிஸ் என்ற மருந்தை 2006இல் இறக்கியது. அன்றைய விலை ஒரு ஊசி ஏறக்குறைய 2000 டாலர். அவாஸ்டினைச் சின்னச் சின்ன ஊசிகளாகப் பிரித்தபோது ஒன்று சுமார் 50 டாலர்தான் ஆனது. இரண்டையும் ஒப்பிடும் ஆர்வம் கம்பெனிக்கு வரவில்லை. அமெரிக்க அரசே வரிப்பணத்தில் ஒப்பிட்டது. 2011இல் முடிவு வந்தது: பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 2014இல் இத்தாலி, மலிவு மருந்தின் வழியை அடைத்ததாக ரோஷ், நோவார்ட்டிஸ் என்ற இரண்டு மருந்துக் கம்பெனிகளுக்கும் சேர்த்து 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. வேண்டாத இடத்தில் முளைப்பது ரத்தக்குழாய் மட்டுமல்ல.

இன்று ஓசிடி இயந்திரம் இருக்கிறது. தாடையை வைத்துக்கொண்டு சில நொடி உட்கார்ந்தால் விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டிவிடும். கண்ணில் ஊசி என்றதும் அலறுகிறவர்கள், மரத்துப்போக மருந்து விட்டபின் வெள்ளைவிழியில் சட்டென்று முடிந்துவிடுவதைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். ஆனால் ஊசி சீக்கிரம் போட்டால்தான் பலன். சீக்கிரம் யார் கண்டுபிடிப்பது? அதற்கு சுவிஸ் டாக்டர் மார்க் ஆம்ஸ்லர் 1940களில் கொடுத்த கட்டம் போட்ட தாள் வீட்டில் இன்றும் கைகொடுக்கிறது. நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் நெளிந்தால் ஆபத்து.

இரண்டு கண்ணாலும் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே ஒன்றை மூடிக்கொள்ளுங்கள். தாள் இல்லாவிட்டால் வாசல் நிலையைப் பாருங்கள். நிலை நடுவில் வளைந்து தெரிந்தால் தச்சனைத் திட்டாதீர்கள். அவன் நேராகத்தான் அடித்திருக்கிறான். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்; அப்படிச் சொன்ன டாக்டரின் பெயர்கூடச் சரித்திரத்தில் இல்லை.