உதட்டின் மேல் ஒரு கோடு

பெறுநர்: உணவுக்கும் உதட்டுக்கும் தனித்தனி நீதி கண்ட உயர்திரு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்.
பொருள்: சிவப்பு 3.

சிவப்பு 3 எனப்படும் எரித்ரோசின், அயோடின் சேர்ந்த செயற்கைச் சாயம். இந்திய பேக்கரிகளில் களாக்காயைச் செர்ரியாக்கி கேக்கின் உச்சியில் ஏற்றுவதும் இதுவே. உறையில் 127 என்று இருக்கும். இதை மிக அதிகமாகத் தின்ற ஆண் எலிகளுக்குத் தைராய்டு கட்டி வந்ததால், 1990 ஜனவரியில் நிர்வாகம் அழகுப் பொருள்களில் இதைத் தடுத்தது. உணவில் விட்டுவைத்தது. உதட்டில் பூசினால் குற்றம், உதட்டைத் தாண்டி விழுங்கினால் பலகாரம். விலங்குக்குப் புற்று தரும் வண்ணத்தை அனுமதிக்கலாகாது என்ற டெலானி விதி 1960 முதல் வண்ணங்களுக்கும் உண்டு. நிர்வாகம் அதைப் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. உதடு வரை படித்திருந்தது.

சேர்மானத்தை எடைபோடும் முறை எளிது. விலங்குகளுக்குப் பல அளவுகளில் கொடுத்து, தீங்கு தெரியாத உச்ச அளவைக் கண்டு, வழக்கமாக அதை நூறால் வகுப்பார்கள்: எலிக்கும் மனிதருக்கும் இடையே பத்து, மனிதருக்கு மனிதர் பத்து. எரித்ரோசினுக்குச் சர்வதேச நிபுணர் குழு வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். கிலோவுக்கு 100 மில்லிகிராம் சாயம் கலந்த மிட்டாயில் 15 கிராம் தின்றதுமே 15 கிலோ குழந்தையின் கணக்கு தீர்ந்துவிடும். பதினாறாவது கிராமில் குழந்தை தானே கையைக் கழுவிக்கொள்ளும் போலும்.

2025 ஜனவரி 15 அன்று உணவுக்கும் தடை வந்தது, எலிக்கு வந்த வழியில் மனிதருக்கு வராது என்ற ஆறுதலோடு. தயாரிப்பாளர்களுக்கு 2027 ஜனவரி 15 வரை அவகாசம். அந்த அவகாசத்துக்குள்தான் நியூஜெர்சிக் கடை ஒன்றில், பேத்திக்கு மிட்டாய் வாங்க வந்த தமிழ்த் தாத்தா ஒருவர் பூதக்கண்ணாடியோடு உறையைப் படித்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. “சட்டப்படி சரிதான், ஐயா, நகருங்கள்,” என்றார் கல்லாக்காரர். தாத்தா நகர்ந்தார்.

கல்லாக்காரர் சொன்னதில் பிழையில்லை. பிழை, 35 ஆண்டு பிள்ளைகளின் வாய்க்கு உதட்டுச் சாயத்துக்குத் தந்த காவலைக்கூடத் தராததில். அது நுட்பமல்ல, அலட்சியம்.

சமூகம் பொறுத்தருள்க. விழுங்கும் மருந்துகளுக்கு 2028 ஜனவரி 18 வரை அவகாசம் தந்த பெருந்தன்மையையும் சொல்லியாக வேண்டும். நோயாளியின் உதடு கூடுதல் பொறுமையுள்ளது.