பாத்திரம் கழுவியோர் படலம்

இல்லறத்தில் எழும் வழக்குகளுள் தலையாயது, "இந்த வீட்ல எல்லாத்தையும் நான்தான் செய்யுறேன்" என்பது. வாதியும் பிரதிவாதியும் ஒரே வாக்குமூலத்தைக் கொடுக்கும் வழக்கு இது ஒன்றே.

இத்துறையில் நமக்கு முன்னோர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ராஸ், ஃபியோரி சிகோலி என்னும் இருவர். 1979இல் வெளியான ஆய்வுக்காக 37 தம்பதிகளைப் பிடித்து, 20 காரியங்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் உம் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே ஒரு கோட்டில் குறிக்கச் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் 16 காரியங்களில் மொத்தம் நூறு விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. சண்டையைக் கிளப்புவதும் அப்பட்டியலில் உண்டு. தான் செய்தது சட்டென்று நினைவுக்கு வரும், அடுத்தவர் செய்தது வராது; காரணம் அவ்வளவே.

அற்றேல், இருபாலாரும் ஒரே அளவில் புளுகர் போலும் எனின், அன்று. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. இந்த 88கூட, ஏதேனும் வேலை செய்த ஆண்களின் சராசரிதான். துரும்பையும் நகர்த்தாதவர்களைச் சேர்த்து வகுத்தால் என்ன ஆகும் என்பதை, ஆண்குலத்தின் மானம் கருதி இங்கே தவிர்க்கிறோம்.

இனி வகைப்பாடு. வீட்டு வேலை ஓசையுடையது, ஓசையிலது என இருவகைப்படும். சிலிண்டர் மாற்றுவது, தண்ணி கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது, பரணிலிருந்து கொலு பொம்மைப் பெட்டியை இறக்குவது ஆகியன முதல்வகை. மாவு நாளையோடு தீரும் என்று தெரிந்து இன்றே உளுந்து ஊறப்போடுவதும், நாளை பிள்ளைக்கு பி.டி. யூனிஃபார்ம் என்பதை மறவாதிருப்பதும் இரண்டாம்வகை. எடைதான் அளவுகோல் என்பார் ஒரு சாரார்: நிரம்பிய சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ, உளுந்து ஒரு டம்ளர். அந்த 30 கிலோவை மாடிவரை தூக்கி வந்தவர் டெலிவரிக்காரர் என்பதையும், நாள் பார்த்து புக் செய்தவர் யார் என்பதையும் அச்சாரார் சொல்வதில்லை.

கள ஆய்வு ஒன்று. ஞாயிறு காலை, கணவர் காபி போடுகிறார்.

"ஏம்மா, காபித்தூள் எங்க?"

"மேல்தட்டுல, பச்சை மூடி டப்பா."

"காணோமே."

"பெருங்காய டப்பாவுக்குப் பின்னாடி பாருங்க."

"வடிகட்டி?"

"கையிலதாங்க இருக்கு. பால் பொங்குது, பாருங்க!"

பால் பொங்கி வழிந்தது. காபி அருமை. அதை அவர் அன்று மாலைவரை மூன்று பேரிடம் போனில் சொன்னார். அடுப்பைத் துடைத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட் 1989இல் எழுதிய நூலில் ஒரு தம்பதி வருகிறார்கள். மாடி மனைவிக்கு, கீழே கணவனுக்கு என்று சமமாகப் பிரித்துக்கொண்டார்களாம். மாடியில் சமையலறை, கூடம், படுக்கையறைகள். கீழே கார் கொட்டகையும் நாயும். ரத்தம் சிந்தாமல் ஒரு போர் முடிந்ததே என்று பாராட்டலாம், நாயாக இருந்தால்.

ஆகவே இவ்வாய்வின் தீர்ப்பு: தூள் எங்கே, வடிகட்டி எங்கே என்று கேட்டுப் போட்ட காபியில் பாதிதான் போட்டவர் கணக்கில் ஏறும். மேல்முறையீடு செய்ய விரும்புவோர் அடுப்பைத் துடைத்துவிட்டு வரவும்.